காக்டெயில் கிளி கீரை, காய்கறி தின்ன மறுத்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கடையில் இருந்த நாளிலிருந்து தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே பார்த்து வளர்ந்த காக்டெயிலுக்கு, கீரை ஒரு தீனி என்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு விதமாக மறுக்கும். ஒன்று ஓடும், ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும், ஒன்று எடுத்து உதறும். மறுக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் பிடிபடும். உங்கள் பறவை செய்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். அதைச் செய்யாமல் தீனியை மாற்றுகிற வீடுகளில்தான் பறவை பட்டினியில் சாகிறது.

## எதையும் மாற்றும் முன்: தராசும் உமியும்

1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். அதன்மேல் சின்ன டப்பா ஒன்றை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, பறவையை அதில் ஏறி நிற்கப் பழக்குங்கள். காலையில் முதல் பெரிய எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன், தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வளர்ந்த காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். அந்தப் பொதுக்கணக்கு இங்கே உதவாது. உங்கள் பறவையின் சொந்த எடைதான் அளவுகோல். 5 நாள் எடையை எழுதிச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

சராசரி 92 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு கிராம் ஏறி இறங்குவது இயல்பு. 87க்கு வந்துவிட்டால், அதாவது 5 சதவீதம் குறைந்தால், எல்லா முயற்சியையும் நிறுத்திவிட்டுப் பழைய விதையை நாள் முழுக்க வையுங்கள். 83க்கு வந்தால், அதாவது 10 சதவீதம் குறைந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் பறவைக்கான இந்த இரண்டு எண்களையும் கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். வீட்டில் யார் தீனி வைத்தாலும் கண்ணில் படட்டும்.

அடுத்தது உமி. காக்டெயில் விதையை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு, தோலைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிடும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். லேசாக ஊதினால் பாதி பறந்துபோய்க் கிண்ணத்தின் அடி தெரியும். தினம் இருமுறை ஊதிப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு விதை தின்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் 20 கிராம் அளந்து வைத்து, மறுநாள் காலையில் கிண்ணத்திலும் கூண்டின் அடித்தட்டிலும் மிஞ்சிய முழு விதையை உமி போக ஊதி நிறுத்துக் கழித்துவிடுங்கள். 3 நாள் இப்படிப் பார்த்தால் போதும். பெரும்பாலான பறவைகளுக்கு இது 10 முதல் 15 கிராமுக்குள் நிற்கும். கீரை பழகும் வரை இந்த அளவைக் குறைக்கவே கூடாது. வைக்கும் நேரத்தை மட்டும் மாற்றப் போகிறோம்.

இறகு உதிர்க்கும் பறவை, முட்டையிடும் பெட்டை, நோயில் கிடந்து எழுந்த பறவை, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத பறவை: இவற்றுக்கு விதை நேரத்தை மாற்றாதீர்கள். விதையோடு கூடவே கீரையையும் வைத்துக் காத்திருங்கள்.

## கிண்ணத்தைக் கண்டதும் மறுகோடிக்கு ஓடுகிறது, சீறுகிறது

கொண்டையைப் பாருங்கள். கொண்டை நெட்டுக்குத்தாக நின்று கழுத்து நீண்டிருந்தால் திகில். கொண்டை தலையோடு ஒட்டப் படிந்து, வாய் திறந்து சீறினால் பயமும் கோபமும். இரண்டிலுமே கீரையின் சுவைக்கு வேலையில்லை. பறவை அதை இன்னும் தீனியாகவே பார்க்கவில்லை.

செலவில்லாதது முதலில். புதுக் கிண்ணம் வாங்கியிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, தினமும் விதை வைக்கும் கிண்ணத்தைப் போலவே இன்னொன்றில் வையுங்கள். சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு மிரண்ட பறவை எவர்சில்வர் கிண்ணத்திடம் சாதாரணமாக வரும். கீரைக்கட்டைத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தால் இறக்கிவிடுங்கள். மேலிருந்து ஆடும் எதுவும் அதற்குப் பருந்துதான்.

அப்படியும் ஓடினால் தூரத்தில் தொடங்குங்கள். முதல் 2 நாள் கூண்டுக்கு வெளியே 3 அடி தள்ளி, பறவையின் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தட்டில் கொத்தமல்லியும் கேரட் துருவலும் இருக்கட்டும். பிறகு 1 அடி. பிறகு கூண்டுக் கம்பிக்கு வெளியே ஒட்டி. பிறகு உள்ளே, ஆனால் விதைக் கிண்ணத்துக்கு எதிர்ப்புறம். ஒவ்வொரு கட்டத்திலும் கொண்டை பாதியளவில் தளர்ந்து, பறவை இறகைக் கோதவோ அலகை அரைக்கவோ தொடங்கிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் கையால் வாய்க்கருகே நீட்டினால், கீரையோடு சேர்த்து உங்கள் கையையும் வெறுக்கப் பழகிக்கொள்ளும்.

## பயம் இல்லை, ஆனால் தொடுவதே இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணங்கள் பல, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### பசியே இல்லாத நேரத்தில் வைக்கிறீர்களா?

விடிந்த ஒரு மணி நேரமும், பொழுது சாயும் முன் ஒன்றரை மணி நேரமும் தவிர மற்ற வேளையில் காக்டெயில் பெரிதாகத் தின்னாது. மதியம் 12 மணிக்கு வைக்கும் கீரை வாடுவதற்குத்தான் போகும். விதைக் கிண்ணத்தை இரவு விளக்கணைத்த பின் எடுத்துவிடுங்கள். இருட்டில் அது எப்படியும் தின்னாது. காலை ஆறரைக்கு முதலில் பச்சை மட்டும். எட்டு மணிக்கு நாள் அளவில் பாதி விதை. மாலை நாலரைக்கு மறுபடி பச்சை. ஐந்தரைக்கு மீதி விதை. பச்சையைத் தொட்டதோ இல்லையோ, குறித்த நேரத்தில் விதை வந்தே ஆக வேண்டும். இன்னும் கொஞ்சம் பசித்தால் தின்னும் என்று விதையைத் தள்ளிப்போடாதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பு பட்டினியைத் தாங்காது.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே பறவைக்கும் வையுங்கள். முளைகட்டவும் கீரையைக் கடைசி முறை அலசவும் அதே தண்ணீர்தான்.

### உருவம் பிடிக்கவில்லையா?

ஒரே காயை நாலு விதமாக வைத்துப் பாருங்கள். கேரட்டை எடுத்துக்கொண்டால், தேங்காய்த் துருவல்போல் துருவியது, 2 மில்லிமீட்டர் பொடியாக நறுக்கியது, வட்டவில்லை, ஆவியில் லேசாக வெந்தது. ஒவ்வொன்றும் 3 நாள். கீரையை நறுக்காமல் காம்போடு ஈரமாக, குச்சிக்குப் பக்கத்தில், பறவையின் மார்பு உயரத்தில் செருகுங்கள். நறுக்கிய கீரையை ஏறிட்டும் பார்க்காத பறவை, காம்போடு ஈரம் சொட்டும் கொத்தமல்லியில் உடம்பைத் தேய்த்துக் குளித்து, அப்படியே இலையைக் கடிக்கத் தொடங்குவதுண்டு. கட்டுவதற்குக் கட்டுக்கம்பியோ துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியோ வேண்டாம். பறவை அதையும் கொறிக்கும். துத்தநாகம் உடம்பில் ஏறினால் உயிருக்கு ஆபத்து. துணிக்குப் போடும் மரக் கிளிப் போதும்.

### தரையில் வைத்துப் பார்த்தீர்களா?

காக்டெயிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். அங்கே அது கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்குகிற பறவை. கிண்ணத்தில் இருப்பதைவிடத் தட்டில் பரப்பியிருப்பதை அது எளிதாக நம்பும். வெள்ளைத் தட்டில் பொடித்த கேரட்டும் முருங்கை இலையும் தூவி, மேலே அரைத் தேக்கரண்டி தினையைச் சிதறிவிட்டு, கூண்டுக்கு வெளியே மேசையில் வையுங்கள். ஓரம் மழுக்கிய சின்னக் கண்ணாடியைப் படுக்க வைத்து அதன்மேல் தூவினால் இன்னும் நல்லது. இன்னொரு பறவை கொத்துவதாக நினைத்துத் தானும் கொத்தும்.

நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதே கொத்தமல்லியை உங்கள் தட்டிலிருந்து எடுத்துச் சத்தமாக மெல்லுங்கள், விரல் நகத்தால் தட்டில் டக் டக் என்று தட்டுங்கள். கூட்டத்தில் ஒன்று தின்பதைப் பார்த்துத்தான் மற்றது தின்னும். தனியாக வளரும் பறவைக்குக் கூட்டம் என்றால் நீங்கள்தான். உங்கள் வாய் பட்டதை மட்டும் கொடுக்க வேண்டாம்.

### விதைக்கும் கீரைக்கும் நடுவில் பாலம் போட்டீர்களா?

மேலே சொன்ன எதற்கும் அசையாத பறவைக்கு உறுதியான வழி பச்சைக் கதிர். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. பெருநகரத்துக்காரர்கள் காய்ந்த தினைக்கதிரை ஆன்லைனில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். இங்கே ராகியும் சாமையும் சோளமும் வயலிலேயே நிற்கின்றன. பால் பிடித்த கதிர் பார்வைக்கு விதை, வாயில் வைத்தால் பச்சைக்காய். பறவை அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஈரமும் பச்சை வாசனையும் தீனிதான் என்பதை அதன் அலகு அங்கேதான் முதன்முதலில் கற்றுக்கொள்கிறது.

ஆடியில் விதைத்த மானாவாரி ராகி ஐப்பசி வாக்கில் பால் பிடிக்கும். ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வர வேண்டும். மாவாக உதிர்ந்தால் முற்றிவிட்டது. மருந்து அடிக்காத வயலா என்று கேட்டுக்கொண்டு, விரல் நீளக் கதிர் ஒன்றைக் காம்போடு கொண்டுவந்து, அலசி, கிளிப்பில் செருகுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதிர் போதும். 4 நாள் கதிரை மட்டும் வையுங்கள். ஐந்தாம் நாள் அதே கிளிப்பில் கதிரோடு இரண்டு கொத்தமல்லிக் காம்பைச் சேர்த்துக் கட்டுங்கள். பறவை கதிரைப் பிடுங்கும்போது இலையும் வாயில் வரும். பத்து நாளில் கதிரைச் சிறிதாக்கி இலையைக் கூட்டுங்கள். கதிர் கிடைக்காத மாதங்களில் இளம் மக்காச்சோளத்தை அரை அங்குல வில்லையாக வெட்டி இதே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கதிரில் மூன்று எச்சரிக்கை. கம்பங்கதிரில் தேன்போல் பிசுபிசுப்போ கருப்பாக நீண்ட முடிச்சோ இருந்தால் அது தேன் ஒழுகல் நோய், விஷம். கரிப்பூட்டை பிடித்த சோளக் கதிரையும் தொட வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு விழுவதை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவோம். அந்த இளந்தழையைப் பறவைக்கும் வைக்கக் கூடாது. கதிர் மட்டும்.

### முளைகட்டிய தானியம்

கதிர் இல்லாத நாளிலும் கைகொடுப்பது இது. வீட்டில் குழந்தைக்கு ராகி முளைகட்டுகிற அதே முறைதான். சுத்தம் மட்டும் இன்னும் கறாராக இருக்க வேண்டும். தினை, ராகி, கம்பு, பச்சைப்பயறு என ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி. பறவைக் கடை விதையில் சாயமோ தூசியோ இருக்கலாம். மளிகைக் கடையில் உமி நீக்காத முழுத் தானியமாகக் கேட்டு வாங்குங்கள். தீட்டிய தினையும் சாமையும் முளைக்காது. விதைப்புக்கென மருந்து கலந்து விற்கும் விதை மூட்டைப் பக்கமே போகாதீர்கள்.

இரவு 8 மணிக்கு ஊறப்போட்டு, காலை 6 மணிக்கு வடித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, சல்லடையில் ஈரத்துணி மூடி வையுங்கள். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை, இரவு ஒருமுறை அலசுங்கள். மறுநாள் காலை வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும். கொடுக்கச் சரியான பதம் அதுதான். வால் அரை அங்குலம் நீளும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முகர்ந்து பாருங்கள்: மண்வாசனை வந்தால் நல்லது. புளிப்போ கொழகொழப்போ இருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பாதியைக் காப்பாற்ற முயல வேண்டாம். சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கம் 16 மணி நேரத்திலேயே முளைத்துவிடும், சீக்கிரம் கெட்டும்விடும். அந்த மாதங்களில் இரவு அலசிய பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஓசூர்க் குளிரில் மார்கழியில் ஒன்றரை நாள் பிடிக்கும்.

பயறு வகையில் முளைகட்டிப் பச்சையாகக் கொடுக்கத்தக்கது பச்சைப்பயறு. ராஜ்மாவையும் அவரைக்கொட்டையையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஓசூர்ப் பக்கம் அவரை சீசனில் வீடே அவரை வாசமாக இருக்கும். பறவைக்கு நாலு கொட்டை போடத் தோன்றும். நன்றாக வேகவைத்து, உப்பில்லாமல் ஒரு கொட்டையில் பாதி மட்டும்.

## விதையை மட்டும் பொறுக்கிவிட்டுக் காயை உதறுகிறது

கலவையின் பதம் தவறு. பெரிய துண்டுகளாக இருந்தால் பிரித்தெடுப்பது அதற்குச் சுலபம். காய்கறியை ரவை அளவுக்குப் பொடியாக்குங்கள். முருங்கை இலையைக் கையால் கசக்கி, துருவிய பரங்கிக்காயோடு பிசறினால் விதைமேல் ஒட்டிக்கொள்ளும். விதையை உரிக்கும்போது இலைத்துணுக்கும் நாக்கில் படும்.

முதல் வாரம் 3 தேக்கரண்டி விதைக்கு அரைத் தேக்கரண்டி காய். உதறல் குறைந்ததும் ஒரு தேக்கரண்டி. பிறகு சரிபாதி. ஏதாவது ஒரு கட்டத்தில் எடை இறங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்பி ஒரு வாரம் நில்லுங்கள். கலவையில் தண்ணீர் தங்கக் கூடாது. கழுவிய காயைத் துணியில் ஒற்றி எடுங்கள். கொழகொழவென்று இருந்தால் பறவை தலையைச் சிலுப்பி எறியும், சுவரெல்லாம் தெறிக்கும். ஈரம் பட்ட விதை வேகமாகப் பூசணம் பிடிக்கும். அதனால் கலவையை 2 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பங்குனி, சித்திரையில் 1 மணி நேரம்தான். அன்றைய மீதி விதையைத் தனியாக, காய்ந்த கிண்ணத்தில் வையுங்கள்.

சூரியகாந்தி விதையைக் கலவையிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். அது கண்ணில் படும் வரை மற்ற எதையும் பறவை மதிக்காது. அதை உங்கள் கையில் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இலையைக் கொத்தினால் ஒரு விதை. ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும்.

## கடிக்கிறது, கிழிக்கிறது, ஆனால் விழுங்குவதில்லை

கவலைப்பட ஒன்றுமில்லை. முதலில் அலகு, பிறகு நாக்கு, கடைசியில்தான் தொண்டை. தட்டில் விழுந்த துண்டுகளில் அலகு பட்ட அரைவட்டத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே இன்னும் 10 நாள் வையுங்கள். இந்தக் கட்டத்தில் தினம் ஒரு புதுக் காயை மாற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு.

## ஒன்றையே தின்கிறது, மற்றதைச் சீண்டுவதில்லை

கொத்தமல்லியோடு நின்றுவிடும் பறவைகள் நிறைய. கொத்தமல்லியை நிறுத்தாதீர்கள், அதைப் போர்வையாக்குங்கள். கொத்தமல்லிக்குள் நாலு முருங்கை இலையை வைத்துச் சுருட்டிக் கிளிப்பில் மாட்டுங்கள். அடுத்து வெந்தயக்கீரை, முள்ளங்கி இலை. இலை வகை மூன்று பழகிவிட்டால் ஆரஞ்சு நிறக் காய்க்குப் போகலாம்: கேரட், பரங்கி, வெந்த சர்க்கரைவள்ளி. விதையில் இல்லாத வைட்டமின் ஏ-வுக்கு ஆதாரம் இவைதான். சிவப்பு மிளகாயும் கொடுக்கலாம். பறவைக்குக் காரம் உறைக்காது. விதையோடு கிடக்கும் மிளகாயை ருசித்துத் தின்னும்.

முருங்கை விஷயத்தில் தயங்கவே வேண்டாம். கால்சியம் நிறைந்தது, பெரும்பாலும் வீட்டு மரத்தில் மருந்தும் இருக்காது. பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியவற்றில் ஆக்சலேட் உண்டு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் போதும், முட்டையிடும் பெட்டைக்கு அதுவும் வேண்டாம். கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒரு துண்டு எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

பழம் மட்டும் தின்கிற பறவை என்றால் பழத்தைக் குறைக்க வேண்டியது நீங்கள். ஆனி மாதம் கிருஷ்ணகிரியில் வீட்டுக்கு வீடு மாம்பழம் இருக்கும். தோல் சீவி, சுண்டுவிரல் நகத்தளவு, வாரம் இரண்டு முறை. இனிப்பு முதலில் போனால் கீரை கசக்கும். அதனால் பழத்தை மாலையில், கீரைக்குப் பிறகு. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தினப்படி தீனி ஆகாது, புளிப்பு அதிகம். தக்காளி இலையும் காம்பும் விஷம்.

கூடவே கூடாதவை: அவகாடோ, வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, டீ, உப்புக் கலந்த நொறுக்குத்தீனி, ஆப்பிள் விதை, பச்சை மரவள்ளி (குச்சிக்கிழங்கு). குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பறவையை உலவ விடாதீர்கள். பச்சைக் கிழங்கிலும் இலையிலும் சயனைடு இருக்கிறது.

## நன்றாகத் தின்றது, திடீரென்று நிறுத்திவிட்டது

முதலில் கிண்ணம். எறும்பு ஏறியிருந்தால் பறவை கிட்டப் போகாது. கூண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் போடாதீர்கள். ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

பிறகு காய். வாங்கும் கடை மாறியதா? மருந்து வாடை தங்கிய குடைமிளகாயையும் காலிஃபிளவரையும் பறவை ஒதுக்கும். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து 15 நிமிடம் ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். அப்படியும் வாடை போகாத காய்க்கு மாற்றாக உழவர் சந்தையில் தோட்டத்திலிருந்தே கொண்டுவருபவரிடம், எப்போது மருந்து அடித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கூண்டு இடம் மாறியது, ஜன்னலில் பூனை வந்துபோனது, வீட்டில் விருந்தாளிகள்: இவை ஓரிரு நாளில் சரியாகும். இறகு உதிர்க்கும் காலத்தில் கீரை குறைந்து விதை கூடும்; வேகவைத்த முட்டை ஒரு தேக்கரண்டி வாரம் இருமுறை கொடுத்தால் ஈடுகட்டும்.

பெட்டை மூலையில் பம்மி உட்கார்ந்து, தாளைக் கிழித்து, எச்சத்தை நெடுநேரம் அடக்கிப் பெரிதாகப் போட்டால், முட்டைக்குத் தயாராகிறது. வெதுவெதுப்பான வேகவைத்த தீனியும் முட்டையும் நீண்ட வெளிச்சமும் அதைத் தூண்டும். அவற்றை நிறுத்தி, மாலை 6 மணிக்கே கூண்டைப் போர்த்தி இருட்டாக்குங்கள். பச்சையைக் குளிர்ந்ததாகவே கொடுங்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாமல், விதையையும் சேர்த்துக் குறைத்திருந்தால் அது தீனிப் பிரச்சினையே அல்ல. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## பச்சை தின்ற பிறகு எச்சம் மாறிவிட்டது

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். நியூஸ்பேப்பரில் நிறம் தெரியாது. நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: புழுபோல் சுருண்ட பச்சையோ பழுப்போ ஆன திடம், வெள்ளைச் சுண்ணாம்பு, சுற்றிலும் தெளிந்த நீர்.

நீர் மட்டும் கூடி, திடம் உருவோடு இருந்தால் வெள்ளரியோ கீரையோ தின்றதன் விளைவு. விட்டுவிடலாம். பீட்ரூட் தின்றால் சிவக்கும், பயந்துவிடாதீர்கள். பீட்ரூட்டை நிறுத்திய 24 மணி நேரத்திலும் சிவப்பு போகாவிட்டால்தான் ரத்தமா என்று பார்க்க வேண்டும். திடமே உருக்குலைந்து சேறுபோல் இருந்தால் வயிற்றுப்போக்கு: பச்சையை ஒரு நாள் முழுக்க நிறுத்தி, பழைய விதை, புதுத் தண்ணீர். மறுநாளும் அப்படியே என்றால் மருத்துவர்.

எச்சத்தின் எண்ணிக்கை பாதியாகி, திடம் கடுகளவாக, கரும்பச்சையாக இருந்தால் பறவை பட்டினி கிடக்கிறது. கிண்ணத்தில் குறைந்ததுபோல் தெரிவது உதறியதால் இருக்கலாம். உடனே விதை வையுங்கள், உடனே எடை பாருங்கள்.

## இன்னொரு பறவை வாங்கலாமா?

கீரை தின்னும் பறவையைப் பார்த்து இது கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் இதற்காக மட்டும் வாங்குவது சரியல்ல. புதுப்பறவையை வேறு அறையில் குறைந்தது 30 நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் விதைப் பறவையாகவே வந்து சேரலாம். தெரிந்தவர் வீட்டில் கீரை தின்னும் காக்டெயில் இருந்தால், அது தின்பதைக் கைப்பேசியில் பிடித்து, உங்கள் பறவையின் தீனி நேரத்தில் சத்தத்தோடு ஓடவிட்டுப் பாருங்கள். செலவும் இல்லை, நோயும் தொற்றாது.

## வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

எடை 10 சதவீதம் குறைந்தால். விதையையும் மறுத்து ஒரு நாள் ஆனால். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால். தலையைச் சிலுப்பி வாந்தி எடுத்து நெற்றி இறகு பிசுபிசுத்தால். எச்சத்தில் முழு விதை வந்தால், அல்லது வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறினால். வாய்க்குள் வெண்படலம், மூக்குத் துளை அடைப்பு இருந்தால். இவற்றில் ஒன்று போதும், இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டாம். காக்டெயில் நோயை மறைக்கிற பறவை. நம் கண்ணுக்குத் தெரியும்போது பல நாள் ஆகியிருக்கும்.

அலகு நீண்டு வளைந்துபோயிருந்தால் அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். நீண்ட அலகால் இலையைக் கடிக்க முடியாமல்கூட மறுத்திருக்கலாம். கல்லீரல் கெட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். வீட்டில் வெட்டாதீர்கள், அலகுக்குள் ரத்த ஓட்டம் உண்டு.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு முதலில் போன் செய்து, கூண்டுப் பறவை பார்ப்பார்களா என்று கேளுங்கள். பார்ப்பதில்லை என்றால் தருமபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் சேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களைப் பார்க்கும் டாக்டரிடமும் வீட்டில் கிளி இனப் பறவை இருப்பதைச் சொல்லுங்கள். பறவையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: எடை எழுதிய தாள், அன்றைய எச்சம் படிந்த வெள்ளைத் தாள் பிளாஸ்டிக் உறையில், தின்னும் விதையில் ஒரு கைப்பிடி. காற்றோட்டமுள்ள சிறு கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடுங்கள். தொப்பூர் கணவாய் வளைவுகளில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து பறவை நனைந்துவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு இரண்டு வெள்ளரி வில்லையையும் ஒரு தினைக்கதிரையும் தரையில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் கையால் தண்ணீர் காட்டுங்கள்.